இத்தாலியில் கல்யாணம், முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

தம்பி, மிலானில் இத்தாலியப் பெண்ணைக் கல்யாணம் செய்யப் பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்நாட்டுச் சிவில் சட்டம் 116-வது பிரிவின்படி, இந்தத் திருமணத்துக்கு இந்தியச் சட்டத்தில் தடை இல்லை என்ற சான்று, அவர்கள் சொல்லும் நுல்லா ஓஸ்தா, கட்டாயம் வேண்டும். மிலானிலேயே நம் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கே இப்போதே எழுதிக் கேளுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை உங்கள் பெயர்தான். திருமங்கலத்தில் வாங்கிய பிறப்புச் சான்றில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்கிறீர்கள், நம் ஊரில் இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அங்கே கவுண்டரில் இருப்பவருக்கு அது வேறு வேறு ஆளாகத் தெரியலாம். நகராட்சியில் முதலில் திருத்தி வாங்குங்கள், அப்புறம்தான் அப்போஸ்டில், அதாவது சான்று வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு குத்தித் தரும் முத்திரை. முத்திரை குத்திய பிறகு திருத்தினால் புதுச் சான்றுக்கு மறுபடியும் அப்போஸ்டில் வாங்க அலைய வேண்டும்.