கணக்குப் படிச்சா டீச்சர் வேலை மட்டும்தானா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அப்பா கேட்கிறார்: "பாப்பா பி.எஸ்சி. கணக்குதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. புரொபசராகி ஆராய்ச்சி பண்ணணுமாம். கீம் நுழைவுத் தேர்வு எழுதி என்ஜினீயரிங் போகச் சொல்லட்டுங்களா?"

கட்டாயப்படுத்தாதீங்க அண்ணா. ஆனா வழி நீளம், அதைத் தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க.

கஞ்சிக்கோட்டுல கரண்ட் எடுக்கிற காத்தாடிகளைப் பார்த்திருப்பீங்க. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, அதிலிருக்கிற சக்தி எட்டு மடங்காயிடும். அதனால, பாலக்காட்டுக் கணவாயில நுழையிற ஆடிக்காத்து எங்கே வேகம் பிடிக்கும், எங்கே சுழலும்ங்கிறது பெரிய விஷயம். அதைச் சமன்பாடா எழுதணும். கையால தீர்க்க முடியாததைக் கம்ப்யூட்டருக்குத் தோதா மாத்தணும். வந்த விடையில பிழை எவ்வளவு இருக்கலாம்னு நிரூபிக்கணும். பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியரோட வேலை இதுதாங்க. கொரோனா சமயத்துல நோய் பரவுறதைக் கணக்குப் போட்டதும் இந்த வகைதான். அதுக்கு அடிப்படை, 1927ல கெர்மாக், மெக்கென்ட்ரிக் ரெண்டு பேரும் எழுதின சமன்பாடுகள்.

சித்தூர் அரசுக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. படிக்கலாம். 2024லிருந்து கேரளத்துல டிகிரி 4 வருஷம். 3 வருஷத்தோட வெளியே வரவும் வழியிருக்கு. அப்புறம் ஜாம்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில 2 வருஷம் எம்.எஸ்சி. தமிழ் மீடியமாச்சேன்னு கவலைப்படாதீங்க. ஜாம் கேள்வித்தாள் இங்கிலீஷ்லதான் வரும், ஆனா கட்டுரை எழுத வேண்டியதில்லை; விடையைத் தேர்ந்தெடுக்கிறது, இல்லைன்னா எண்ணாப் போடுறது. முதல் வருஷத்திலிருந்தே இங்கிலீஷ் புத்தகத்துல கணக்குப் படிச்சா போதும்.

அடுத்தது பி.எச்டி. இங்கேதான் பெத்தவங்க பயப்படுறாங்க. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுல ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. வீட்டுக் காசு கேட்காம படிக்கலாம். ஆனா நிரந்தர வேலை கையில கிடைக்க 30 வயசு தாண்டிடும், இடங்களும் குறைவு. நடுவுல கல்யாணப் பேச்சு எடுத்துப் படிப்பை நிறுத்துறதா இருந்தா, இப்பவே அவகிட்ட மனசு விட்டுச் சொல்லிடுங்க. பாதியில நிறுத்தி அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன், தாங்க முடியலைங்க.

மார்க்கை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஒரு கணக்குல மாட்டிக்கிட்டா பாப்பா என்ன செய்யுறான்னு பாருங்க. புத்தகத்துக்குப் பின்னாடி விடையைப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போறாளா, ராத்திரி சாப்பிடும்போதும் தட்டுல விரலால கோடு போட்டுட்டு இருக்காளா?

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. மார்க் ஷீட் வேண்டாம், அவளோட ரஃப் நோட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க.