பதினொரு மணிச் சத்தம்

அன்புள்ள ஐயா,

வியன்னாவில் வேலை பார்க்கிறேன். ஹங்கேரியில் இருக்கும் கோசெக் கோட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன வாரம் குடும்பத்தோடு காரில் போய்வந்தேன். ஏமாற்றம்தான். முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். அகழியில் தண்ணீர்கூட இல்லை. இதுவா வியன்னாவை நோக்கிப் போன துருக்கிச் சுல்தான் சுலைமானின் படையை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தியது? கடைசியில் மதிலில் துருக்கிக் கொடி ஏறியதாம். அப்படியானால் தோற்றதாகத்தானே அர்த்தம்? அதற்கு ஏன் தினமும் மணி அடிக்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சின்னக் கோட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1532 ஆகஸ்டில் அதற்குள் இருந்த முறையான சிப்பாய்கள் 50 பேர்கூட இல்லை. மற்றவர்கள் ஊர்க்காரர்களும், அடைக்கலம் தேடி வந்த அக்கம்பக்கத்து விவசாயிகளும். வெளியே லட்சம் பேர். சுரங்கம் தோண்டி மதிலுக்கு வெடி வைத்தார்கள். நல்லவேளை, பெரிய முற்றுகைப் பீரங்கிகளை அவர்கள் கொண்டுவரவில்லை.

கொடி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்ததே அதுதான். கோட்டைத் தலைவர் மிக்லோஷ் யுரிஷிச், 1530-ல் ஆஸ்திரியாவை ஆண்ட மன்னர் ஃபெர்டினாண்டின் தூதராக இஸ்தான்புல் போனவர். முற்றுகையை நடத்திய, சுல்தானின் தலைமை அமைச்சர் இப்ராஹிம் பாஷாவின் போக்கு அவருக்குப் புதிதல்ல. ஆகஸ்ட் முடியும்போது யுரிஷிச்சுக்குக் காயம், வெடிமருந்தும் தீரப்போகிறது. பாஷாவுக்கோ மழை, வெறுங்கையோடு சுல்தான் முன் போய் நிற்கவும் முடியாது. பேசினார்கள். பெயருக்குச் சரணடைவது, மதிலில் கொடிகளை ஏற்றுவது, படை ஊருக்குள் வராமல் போய்விடுவது என்று முடிவானது. பாஷா கோட்டையைப் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஊர் யுரிஷிச் கையிலேயே இருந்தது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் எட்டுக் கொடிகூட ஏற்றியிருப்பேன்.

வியன்னாவைக் காப்பாற்றியதே கோசெக்தான் என்ற பெருமையை நான் முழுசாக வாங்கிக்கொள்வதில்லை. ஃபெர்டினாண்டின் அண்ணன், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அங்கே பெரும்படை திரட்டிக்கொண்டிருந்தார். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் சுல்தான் இந்த மதிலடியில் தொலைத்தார் என்பது உண்மை. அதன்பின் படை வியன்னாவுக்குப் போகாமல் திரும்பிவிட்டது.

ஆகஸ்ட் 30, காலை 11 மணிக்குப் படை கிளம்பியது என்பார்கள். அதன் நினைவாகத்தான் தினமும் அந்த நேரத்துக்கு மணி. அங்கே போயிருந்தபோது யுரிஷிச் சதுக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்க, மதியம் ஆகிவிட்டதே என்று பதறி எழுந்தேன். போனைப் பார்த்தால் 11. பக்கத்து மேசைப் பெரியவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கோட்டை அருங்காட்சியகத்தில் திராட்சைத் துளிர்ப் புத்தகத்தைப் பார்த்தீர்களா? 1740-ல் தொடங்கியது. வருடந்தோறும் ஏப்ரல் 24-ஆம் தேதி தோட்டத்தில் முளைத்த துளிர்களை வெட்டி வந்து, அதே அளவில் அதில் வரைகிறார்கள். குளிர் நீண்ட வருடத்தில் வெறும் மொட்டு. முன்கூட்டியே வெயில் வந்த வருடத்தில் இலை விரிந்த நீளத் துளிர். முக்கால் மணி நேரத்தில் அதை விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.