ஹவாய் மொழியில் 'ஆமாம்', 'சரி' என்று பேச்சுவழக்கில் எப்படிச் சொல்வார்கள்?

பாடப்புத்தகத்தில் முதலில் வருவது 'அஎ'. ஆமாம் என்று அர்த்தம். அ, எ இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் தொண்டையில் சின்னதாக ஓர் அடைப்பு இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் 'அஎ' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சு உயிரில்லாமல் இருக்கும்.

யாராவது ஒரு வேலை சொன்னாலோ உதவி கேட்டாலோ 'ஹிக்கி நோ' என்பதுதான் இயல்பான பதில். 'ஹிக்கி இயா ஒஎ கே கோக்குவா மாய்?', அதாவது எனக்கு உதவ முடியுமா என்று கேட்டால், 'ஹிக்கி நோ' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். 'ஹிக்கி' என்றால் முடியும். 'நோ' அழுத்தத்துக்கு வருவது, நம் 'தான்' மாதிரி. ஹவாய் தீவுகளின் பிட்ஜின் பேச்சிலும், அதாவது ஆங்கிலத்தோடு பல மொழிகள் கலந்து உருவான பேச்சிலும், இதே போக்கைக் கேட்கலாம்: 'கேன்?' என்று கேட்பார்கள், 'கேன்' என்றே பதில் வரும். சம்மதத்துக்கு 'ஷூட்ஸ்' என்பதும் அங்கே சகஜம், ஆனால் அது பிட்ஜின், ஹவாய் மொழி இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஒஇஆ'. குரலை உயர்த்தினால் 'அப்படியா?', இறக்கினால் 'அப்படித்தான்'. முழு நிச்சயம் இல்லையென்றால் 'பேலா பஹா', அதாவது அப்படி இருக்கலாம். சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள 'பொலொலேய்'. 'நானும்' என்று சேர்ந்துகொள்ள 'ஒ வவு பூ'.

இதையெல்லாம் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். 1972இல் ஹவாய் மொழி அறிஞர் லாரி கிமுரா தொடங்கிய 'கா லேயோ ஹவாயி' வானொலி நிகழ்ச்சியில், தாய்மொழியாக இதைப் பேசிய பெரியவர்களோடு மணிக்கணக்கில் உரையாடியிருக்கிறார்கள். 1896இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கிய பிறகும், வீட்டில் பேசிப் பேசி மொழியைக் காப்பாற்றிய தலைமுறை அது. ஒருவர் கதை சொல்லும்போது எதிரில் இருப்பவர் 'அஎ... அஎ...' என்று 'உம்' கொட்டுவதை அதில் கேளுங்கள். எந்த இடத்தில் சொல்கிறார்கள், எவ்வளவு மெதுவாகச் சொல்கிறார்கள் என்பதை எந்த அகராதியும் சொல்லித் தராது. பதிவுகள் 'கனியாயினா' என்ற இணையக் காப்பகத்தில் இருக்கின்றன.

அப்புறம், அங்கே யாராவது வாயே திறக்காமல் புருவத்தை மட்டும் சட்டென்று உயர்த்தினால் குழம்ப வேண்டாம், பெரும்பாலும் அதுவும் 'ஆமாம்'தான்.