யாருமே இல்லாத சாலையிலும் சிக்னல் போடணுமா?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பி (P) லைசன்ஸ், அதாவது புது ஓட்டுநர் லைசன்ஸ், எடுத்து நான்கு மாதம் ஆகிறது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே தோட்டத்தில் வீடு. தினமும் கார் ஓட்டிக்கொண்டு டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். செம்பனைக்குள் போகும் சாலையில் முன்னும் பின்னும் ஆளே இருக்காது. அங்கேயும் சிக்னல் போடணுமா? சும்மா சும்மா போட்டால் பல்பு போய்விடும் என்கிறார் மாமனார். அப்புறம் இன்னொன்றும் சொல்கிறார். பெரிய சாலையில் முன்னால் போகிற லோரி இடது சிக்னல் போட்டால் 'முந்திக்கோ' என்று அர்த்தமாம், வலது போட்டால் 'முந்தாதே' என்று அர்த்தமாம். அதை நம்பி முந்தலாமா?"

லோரிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், தங்கச்சி. உயிர் அதில்தான் இருக்கிறது.

மாமனார் சொல்வது பொய் இல்லை. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார் போகும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் பல காலம் ஓட்டியவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி மெதுவாகப் போகும், பின்னால் நாலைந்து கார் வரிசை கட்டும். லோரிக்காரர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு முன்னால் உள்ள சாலை நன்றாகத் தெரியும். எதிரே வண்டி வந்தால் வலது சிக்னல் போடுவார், காலியாக இருந்தால் இடது போடுவார். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் லைசன்ஸ் பாடத்தில் சிக்னலுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: நான் இந்தப் பக்கம் போகப் போகிறேன்.

வலது சிக்னலில் சிக்கல் இல்லை. அவர் எதிரே வண்டி வருகிறது என்று சொன்னாலும் சரி, வலப்பக்கத் தோட்டச் சாலைக்குள் நுழையப் போகிறார் என்றாலும் சரி, நீங்கள் முந்தக் கூடாது. பின்னாலேயே இருங்கள். வம்பு இடது சிக்னலில்தான். உங்களை முந்தச் சொல்கிறாரா, இடப்பக்கம் திரும்பப் போகிறாரா, ஓரம் கட்டி நிறுத்தப் போகிறாரா? பின்னால் இருக்கும் உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. முந்தத்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குப் பின்னால் இருப்பவர் ஏற்கனவே வெளியே வந்துவிட்டாரா என்பதும் அவருக்குத் தெரியாது. 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடும். எதிரே வருபவரும் அதே வேகம் என்றால் இரண்டுமாகச் சேர்ந்து வினாடிக்கு 50 மீட்டர். லோரியைத் தாண்ட 8 வினாடி பிடித்தால் 400 மீட்டர் காலியாக வேண்டும். அந்த 400 மீட்டரையும் உங்கள் கண்ணால் பார்த்தால் மட்டும் முந்துங்கள். லோரிக்காரரின் சிக்னலை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தும்போது கண்ணாடி பார்த்து, வலது சிக்னல் போட்டு, வலது தோளுக்கு மேலே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். உள் கண்ணாடியில் லோரியின் முகம் முழுசாகத் தெரிந்த பிறகு இடது சிக்னல் போட்டு உங்கள் தடத்துக்குத் திரும்புங்கள்.

இதே விஷயத்தில் நீங்கள் முன்னால் இருக்கும் நிலைதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. மாலையில் வேலை முடிந்து வருகிறீர்கள், உங்கள் தோட்டச் சாலை வலப்பக்கம் இருக்கிறது. பெரிய சாலையில் வேகத்தைக் குறைக்கிறீர்கள். பின்னால் வருகிறவருக்கு அங்கே ஒரு சிம்பாங் (கிளைச் சாலை பிரியும் இடம்) இருப்பதே தெரியாது. செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் சந்து, ஒரு தோட்டப் பலகை, அவ்வளவுதான். அவர் பார்ப்பது மெதுவாகிற ஒரு காரை. உடனே வலப்பக்கமாக முந்துவார். நீங்களும் வலப்பக்கம் திரும்புவீர்கள்.

நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய ஒரு மாணவி ஒரு நாள் இப்படித்தான் திரும்பினார். சிக்னல் போட்டார், போடவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முதலில் பிரேக், அப்புறம் சிக்னல், அதே மூச்சில் ஸ்டியரிங். டிக் என்ற முதல் சத்தம் கேட்கும்போதே வலப்பக்கக் கண்ணாடி முழுவதும் ஒரு வெள்ளைக் கார் நிறைந்துவிட்டது. என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்தேன். அந்தக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசாமல் போனது. மாணவிக்குக் கை நடுங்கியது, எனக்கும்தான். அன்றிலிருந்து எந்த மாணவருக்கும் திரும்பும் பாடத்தை நான் பிரேக்கில் தொடங்குவதில்லை.

வரிசை இதுதான்: கண்ணாடி, சிக்னல், அப்புறம் பிரேக். கால் பிரேக்கைத் தொடும் முன்பே விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் ஏன் மெதுவாகிறீர்கள் என்ற காரணம் முதலில் போய்ச் சேர வேண்டும். எவ்வளவு முன்னால் என்று கேட்டால், டவுனுக்குள் 50 மீட்டர் போதும், பெரிய சாலையில் 100 மீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். சிக்னல் விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்னும். நடுவாக 90 என்று வைத்தால் மூன்று மின்னலுக்கு 2 வினாடி. 90 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 50 மீட்டர் ஓடிவிடும். பின்னால் இருப்பவர் பார்த்து, புரிந்துகொண்டு, கால் எடுத்து பிரேக்கில் வைக்க மூன்று மின்னல் போதாது.

சிக்னல் போட்டபின் நடுக்கோட்டை ஒட்டி வாருங்கள். எதிரே வண்டி வருவதால் நின்று காத்திருக்க வேண்டுமானால் சக்கரத்தை நேராகவே வைத்திருங்கள். முன்கூட்டியே வலப்பக்கம் திருப்பி வைத்திருந்தால், பின்னால் யாராவது இடித்துவிட்டால் கார் நேரே எதிர்த் தடத்துக்குள் போய் விழும். திரும்புவதற்கு முன் இன்னொரு முறை வலது கண்ணாடி. மோட்டார் சைக்கிள் ஒன்று உங்கள் வலப்பக்கமாக ஏற்கனவே நுழைந்திருக்கலாம். நம் மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் ஓட்டுபவர்களும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும்தான். அந்த இரண்டாவது பார்வை அவர்களுக்காக.

இனி ஆளே இல்லாத சாலை. ஆள் இல்லை என்பது உங்கள் கண் சொல்வது. மரத்து நிழலில் விளக்கு எரியாத கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) வரும். லயத்துப் பையன் சைக்கிளில் சந்திலிருந்து வெளியே வருவான். மாடு மேய்க்கிறவர் சாலையோரம் நடந்து வருவார். நீங்கள் பார்த்துவிட்டவருக்கு வேகத்தைக் குறைத்து வழி விடுவீர்கள். பார்க்காதவருக்கு உங்கள் சிக்னல் மட்டும்தான் இருக்கிறது. அதனால் திரும்பினால் போடுங்கள், யாரையும் தேடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாலை தானாக வளைந்து அதோடு நீங்களும் வளைந்தால் போட வேண்டாம். பெரிய சாலை வளைய, நீங்கள் அதை விட்டு நேரே சின்னச் சாலையில் இறங்குகிறீர்கள் என்றால், எந்தப் பக்கம் விலகுகிறீர்களோ அந்தப் பக்கச் சிக்னல் வேண்டும். முச்சந்தியில் இரண்டே வழிதான் இருந்தாலும், தடத்தில் திரும்பும் அம்பு வரைந்திருந்தாலும் போடுங்கள். தரையில் உள்ள அம்பு உங்களுக்குத் தெரியும், எதிரே காத்திருப்பவருக்குத் தெரியாது.

சீக்கிரமே போடுவதிலும் ஆபத்து உண்டு. எண்ணெய் நிலையத்துக்கு அடுத்த சந்தில் இடப்பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று வையுங்கள். நிலையத்துக்கு முன்பே இடது சிக்னல் போட்டால், அங்கிருந்து வெளியேறக் காத்திருப்பவர் நீங்கள் உள்ளே வருவதாக நினைத்து முன்னால் வந்துவிடுவார். நிலையத்தின் வாசலைத் தாண்டும்போது போடுங்கள். திரும்பிய பின் அணைந்ததா என்றும் பாருங்கள். ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பினால் தானாக அணையும். தடம் மாறும்போதும் லேசாக விலகும்போதும் அணையாது. பெரும்பாலான மோட்டாரில் கட்டைவிரலால்தான் அணைக்க வேண்டும். அரை மைல் தூரம் இடது சிக்னல் மின்னிக்கொண்டே வருகிற வண்டியை நம்பி நீங்களும் சந்திலிருந்து வெளியே வந்துவிடாதீர்கள். அதன் வேகம் குறைகிறதா, முன் சக்கரம் திரும்புகிறதா என்று பாருங்கள்.

புலாத்தானில், அதாவது சாலை வட்டத்தில், முதல் வழியில் வெளியேறுவதானால் நுழையும்போதே இடது. நேரே போவதானால் நுழையும்போது எதுவும் வேண்டாம். வலப்பக்க வழிக்கு, அல்லது சுற்றித் திரும்பி வருவதற்கு வலது போட்டுக்கொண்டு நுழையுங்கள். எந்த வழியானாலும் அதற்கு முந்தைய வழியைத் தாண்டியதும் இடது போட்டு வெளியேற வேண்டும். உள்ளே நுழையக் காத்திருப்பவர் அந்த இடது சிக்னலுக்காகத்தான் கண் வைத்திருக்கிறார்.

டவுனில் சாமான் கடை முன்னால் ஓரம் கட்ட இடது, கிளம்ப வலது. கிளம்பும்போது போட நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் விளக்கு, பழுதாகி நிற்கும் வண்டிக்கும் சாலையில் திடீர் ஆபத்துக்கும் உரியது. சாயங்கால மழை கொட்டும்போது அதைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். பெரும்பாலான காரில் அது எரியும்போது நீங்கள் இடமா வலமா என்று யாருக்கும் சொல்ல முடியாது. மழைக்கு முன்விளக்கைப் போட்டு வேகத்தைக் குறையுங்கள், போதும்.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. செம்மண் சாலையில் ஒரு வாரம் ஓடினால் பின்விளக்கின் மஞ்சள் கண்ணாடி மேல் சேறு காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும். உள்ளே பல்பு மின்னினாலும் பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாது. ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். மாட்டுக்குப் புல்கட்டு கட்டிக்கொண்டு மோட்டாரில் போகிறவர்களுக்கு இரண்டு பின் சிக்னலுமே மறைந்துவிடும். அவர்கள் புல்கட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டலாம், அல்லது வலது கையை நேராக நீட்டி வலப்பக்கம் திரும்புவதைக் காட்டலாம். காரில் பல்பு போய்விட்டால் நீங்களும் ஜன்னல் வழியே அதையே செய்யலாம். கையை மேலும் கீழுமாக ஆட்டினால் வேகம் குறைக்கிறேன் என்று அர்த்தம்.

பல்பைப் பற்றி மாமனார் கவலைப்படுவது நல்ல மனதோடுதான். ஆனால் சாதாரண சிக்னல் பல்பு சில வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும், அதை மாற்றக் கொஞ்ச நேரம் போதும். பல காரில் ஒரு பல்பு போனதும் டிக் டிக் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்கும், அதுதான் உங்களுக்கு அறிவிப்பு. இருட்டியபின் வீட்டுச் சுவர் முன்னால் காரை நிறுத்தி இடது, வலது போட்டால் சுவரில் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழ வேண்டும். பின்பக்கத்தை நீங்களே பார்க்க முடியாது. சனிக்கிழமை மாலை மாமனாரைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள், எரிகிறதா என்று அவர் சொல்லட்டும். பிரேக் விளக்கையும் அப்படியே பார்த்துவிடலாம்.