நாலு தலையும் ஒரே பக்கம் திரும்புது! – வாங்குவோர் கேள்வி-பதில்

கே: கன்னட ராஜ்யோத்சவ விழா சீசனை நம்பி நாலு ஷார்ப்பி (தலை திரும்பும் மேடை விளக்கு) வாங்கினேன். ஒன்றைத் திருப்பினால் நாலும் சேர்ந்து திரும்புகின்றன. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (அல்சூர்)

அவர் மறுப்பது நியாயம். நாலின் டிஸ்ப்ளேயிலும் 001 என்று இருக்கிறதா, பாருங்கள். இருக்கும். கன்ட்ரோலர் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறைதான் டிஎம்எக்ஸ். அதன் லைன் ஒன்றில் 512 சேனல் ஓடும். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு எண் போகும். எந்த எண்ணிலிருந்து தனக்கான பங்கு தொடங்குகிறது என்று விளக்குக்குச் சொல்வதுதான் அட்ரஸ். உங்கள் விளக்கு 16 சேனல் மோடில் இருந்தால் 001, 017, 033, 049 என்று வையுங்கள். எந்த சேனல் எதைத் திருப்பும் என்ற அட்டவணை பெட்டிக்குள் இருந்த தாளில் இருக்கும். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கடைக்குச் சண்டைக்குப் போவதா?

சரி, நானும் யோக்கியன் இல்லை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைத்ததென்று 192 சேனல் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி வந்தேன். அது 12 விளக்குக்குத் தலா 16 சேனல் என்று பிரித்து வைத்த பெட்டி. என் மூவிங் ஹெட்டோ (உங்களுடையதைப் போலத் தலை திரும்பும் விளக்கு) 18 சேனல். கடைசி இரண்டும் அடுத்த விளக்கின் பட்டனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அந்தப் பெட்டி இன்றும் என் பரணில்தான் இருக்கிறது.

கே: பாட்டு நடக்கும்போது விளக்குகள் துடிக்கின்றன, ஒரு ஹெட் திடீரென்று சுவரைப் பார்க்கிறது. 'டிஎம்எக்ஸ் கேபிள்' என்று சொல்லித்தான் விற்றார்கள். (சிவாஜிநகர்)

உங்கள் மேல் தப்பில்லை. பெங்களூரில் மட்டும் எத்தனை பேர் இப்படி ஏமாந்திருக்கிறார்களோ! கேபிளின் மேலுறையில் என்ன அச்சடித்திருக்கிறது, படியுங்கள். 120 ஓம் என்றோ 110 ஓம் என்றோ (சிக்னலுக்குக் கேபிள் காட்டும் தடையின் அளவு) இல்லையென்றால், உங்கள் கையில் இருப்பது அநேகமாக மைக் கேபிள். இரண்டுக்கும் ஒரே மூன்று பின் எக்ஸ்எல்ஆர் முனை, ஒரே கறுப்பு உறை. எழுத்தைப் படிக்காமல் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் டிஎம்எக்ஸ் தரநிர்ணயம் ஐந்து பின் கேட்கிறது. மலிவு விளக்கு செய்கிறவர்கள் மூன்று பின்னை வைத்தார்கள். மீதியைக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

மைக் கேபிள் பாட்டுக்காகச் செய்தது. டிஎம்எக்ஸில் போவது நொடிக்கு 2,50,000 பிட். கேபிளின் ஓம் பொருந்தாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வரும். வருகிற சிக்னலோடு கலந்து எண்களைக் கெடுக்கும். வீட்டில் ஐந்து மீட்டரில் சோதித்தால் ஒழுங்காக ஓடும். மேடையில் நாற்பது மீட்டர் இழுத்ததும் மானத்தை வாங்கும். 'வீட்டுல நல்லா ஓடுச்சே அண்ணா' என்று எனக்கு வரும் போன்களுக்குக் கணக்கில்லை.

கேபிளை மாற்றுங்கள். கடைசி விளக்கின் அவுட்டில் டெர்மினேட்டர் செருகுங்கள். பின் 2-க்கும் 3-க்கும் நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அவ்வளவுதான் அது. சில்லறைக் காசு. இதைச் சேர்த்து விற்கிற கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. பில்லில் 'டிஎம்எக்ஸ் கேபிள்' என்றே எழுதியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

கே: ஒரே கேபிளை 'ஒய்' போட்டு மேடையின் இரண்டு பக்கமும் கொண்டுபோகலாமா?

கூடாது. சிக்னலைத் தனித்தனி லைனாகப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் பெட்டி வாங்குங்கள்.

கே: ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினேன். இப்போது கடைக்காரர் வாரண்டி இல்லை என்கிறார்.

எந்தத் தாளைக் காட்டி வாரண்டி கேட்கப்போகிறீர்கள்?

கே: வாடகைக்கு விளக்கு விடுவதுதான் என் பிழைப்பு. நகையை அடகு வைத்து எட்டு பார் லைட் (மேடைக்கு நிற வெளிச்சம் தரும் விளக்கு) வாங்கினேன். பில்லில் 54 எல்இடி, தலா 3 வாட், மொத்தம் 162 வாட் என்று இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை. மீட்டரில் 70 வாட்டைத் தாண்டவில்லை. (ஸ்ரீராமபுரம்)

படிக்கவே வயிறு எரிகிறது, தம்பி. எல்லா நிறத்தையும் மாஸ்டரையும் (மொத்த வெளிச்சத்துக்கான சேனல்) 255-இல் வைத்து இன்னொரு தடவை அளந்து பாருங்கள். அப்போதும் 70 என்றால், எல்இடியின் பெயரில் இருக்கும் 3 வாட்டைப் பெருக்கி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். மலிவு பார் லைட்டில் இது பழைய வித்தை.

'தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோரே இல்லை' என்று மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு, இணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். மீட்டரும் விளக்கும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லை மட்டும் அசலாக யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.