ஜெர்மனிக்கு என்ன துணி எடுத்து வருவது என்று கேட்ட தங்கச்சிக்கு

பெருந்துறையிலிருந்து மியூனிக்குக்கு மேற்படிப்புக்கு வரப்போகும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “அக்கா, சுடிதார் போட்டால் அங்கே ஒரு மாதிரி பார்ப்பாங்களா? பொட்டு வைக்கலாமா? ஜீன்ஸ் மட்டும் எடுத்துட்டு வரட்டுமா? அப்புறம் ரூம் வாடகை, பார்ட் டைம் வேலை எல்லாம் எப்படி?”

வாடகை அதிகம் கண்ணு. அட்மிஷன் கைக்கு வந்த அன்றைக்கே மாணவர் விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிடு. வேலையைப் பற்றி உன் சீனியர்கள் சொல்வார்கள். துணி விஷயத்துக்கு வருகிறேன், இதே பயத்தோடுதான் நானும் வந்தேன்.

நான் அவிநாசிப் பக்கத்துக்காரி. நம்ம பக்கம் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். வெயிலுக்கும் சோளத்தட்டின் சுணைக்கும் அந்த முழுக்கைச் சட்டைதான் காப்பு. அதற்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவின் அதே சட்டையை ஜீன்ஸுக்கு மேலே போட்டுக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது டீக்கடை பெஞ்சு மொத்தமும் திரும்பியது. கோவையிலும் அப்படித்தான். ரேஸ் கோர்ஸில் காலையில் டிராக் பேண்ட் போட்டு நடக்கிற பெண்களை யாரும் கண்டுகொள்வதில்லை. அதைப் போட்டுக்கொண்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்.

நான் படித்த கல்லூரியில் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தியிருந்தால்தான் கேட்டைத் தாண்ட விடுவார்கள். அப்படி ஒழுங்காகக் குத்திய துப்பட்டாவோடு டவுன் பஸ்ஸில் போனபோதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அந்தப் பின்னையே கழற்றி அந்தக் கையில் ஏற்றினேன். துணி நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அன்றோடு போய்விட்டது.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், கூட வேலை பார்த்த ஜெர்மன்காரி சானாவுக்குக் கூட்டிப் போனாள். ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்காரும் சூட்டறை. நீச்சல் உடையோடு போன என்னை அங்கிருந்த அம்மா வாசலிலேயே நிறுத்தி, அதைக் கழற்றச் சொன்னார். இந்த நாட்டு சானாக்களில் பெரும்பாலும் துணி போட்டு உட்காரக் கூடாது. பலகையில் வியர்வை படாமல் அடியில் துண்டு விரிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு வயதான தம்பதி முட்டிவலியைப் பற்றி மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கம் ஒரு கண்ணும் திரும்பவில்லை.

அதற்காக இங்கே தொந்தரவே இல்லை என்று நினைத்துவிடாதே. செப்டம்பரில் அக்டோபர்ஃபெஸ்ட் என்கிற பீர் திருவிழா தொடங்கும். டிர்ண்டல் என்ற பவேரிய உடையில் பெண்கள் போவார்கள், கழுத்து நன்றாக இறங்கியிருக்கும். இடுப்பு முடிச்சு இடப்பக்கம் இருந்தால் தனி ஆள், வலப்பக்கம் இருந்தால் துணை உண்டு என்று ஒரு வழக்கம்கூட உண்டு. காலை ரயிலில் அந்தப் பெண்ணை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ராத்திரி குடித்துவிட்டு வரும் கூட்டம் அவளைச் சும்மா விடாது. பெண்களுக்கென்றே திருவிழா மைதானத்தில் ஒரு உதவி மையம் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள். அந்த நாட்களிலும் ஃபுட்பால் மேட்ச் நாட்களிலும் ராத்திரியில் காலிப் பெட்டியில் ஏறாதே, டிரைவர் இருக்கும் முதல் பெட்டிக்குப் போ.

யாராவது தொட்டால் போலீஸுக்கு, 110க்குப் போன் பண்ணு. 2015 டிசம்பர் 31 இரவு கொலோன் ரயில் நிலையத்தருகே ஏராளமான பெண்களைக் கும்பலாகச் சூழ்ந்து சீண்டினார்கள். அந்தக் கொந்தளிப்புக்கு அப்புறம் 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தப்பான எண்ணத்தோடு தொட்டுத் தொல்லை கொடுத்தாலே இப்போது குற்றம். நீ என்ன போட்டிருந்தாய் என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் கிடையாது. மனசு விட்டுப் பேச வேண்டுமென்றால் பெண்களுக்கான உதவி எண் 116016, இரவு பகல் எப்போதும் இலவசம்.

எனக்கு அதிகம் வலித்தது நம்ம ஆட்களால்தான். கையில்லாத கவுனில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த என்னை நம்மூர்க்காரம்மா ஒருவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட, ராத்திரிக்குள் அது அவிநாசியில் பெரியம்மா கைக்குப் போய்விட்டது. இத்தனை தூரம் வந்தும் ஊர்ப் புறணியை விடாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஜாக்கிரதையாக இரு. நம்ம ஆண்களில் சிலர் கோடையில் இங்கிலீஷ் கார்டன் என்கிற மியூனிக் பூங்காவில் துணியில்லாமல் வெயில் காய்கிறவர்களைப் பார்ப்பதற்கென்றே போனும் கையுமாகச் சுற்றுவார்கள். எனக்கு உடம்பே கூசும். அவர்களேதான் தீபாவளி விழாவில் என் மகளுக்குப் பாவாடை தாவணியைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

எங்கம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். கையில்லாத டாப்ஸ் எத்தனையோ அவர் கை வழியாக வெளிநாட்டுக்குக் கப்பலேறியிருக்கும். ஊர் பேசும் என்று எனக்கு ஒன்றுகூட வாங்கித் தந்ததில்லை. இங்கே வந்திருந்தபோது ஒரு கடையில் டாப்ஸை உள்பக்கம் திருப்பி, ஓவர்லாக் தையலை விரலால் நீவிப் பார்த்து, “நம்மூர்ச் சரக்குதான்” என்றார். எனக்கு இரண்டு எடுத்துப் பில் போடச் சொன்னார்.

பொட்டு வை, சுடிதார் போடு. ஜெர்மன்காரர்கள் எல்லோரையுமே உற்றுத்தான் பார்ப்பார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. டி-ஷர்ட், லெக்கிங்ஸ் எல்லாம் திருப்பூர் காதர்பேட்டையிலேயே வாங்கிக்கொள், சேலை இரண்டு எடுத்து வை. குளிர் கோட்டும் பூட்ஸும் மட்டும் அங்கே வாங்காதே, இங்கே வந்து வாங்கினால்தான் ஜனவரிக்குத் தாங்கும்.