மணல் வடிகட்டிக்குள் மின்சாரம் விட்டால் கிருமி சாகுமா?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கரில் பாலக்கும் கொத்தமல்லியும் சொட்டுநீரில் பயிரிடுகிறேன். ஏரியோரக் கிணற்றுத் தண்ணீர். ஏரியில் சாக்கடையும் கலக்கிறது. வாரம் ஒருமுறை கழுவியும் மணல் வடிகட்டி வழவழத்து நாறுகிறது. உள்ளே 12 வோல்ட் பேட்டரிக் கம்பியை விட்டால் கிருமி செத்துவிடும் என்கிறார் பம்பு மெக்கானிக். செய்யலாமா ஐயா?

பதில்: வேண்டாம். மெக்கானிக் சொன்னது முழுப்பொய் அல்ல, அரைகுறையாகக் காதில் விழுந்த செய்தி. 2010இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பருத்தித் துணியில் கார்பன் நானோகுழாய்களையும் வெள்ளி நானோகம்பிகளையும் ஏற்றி, 20 வோல்ட் கொடுத்து, அதன் வழியே தண்ணீரை விட்டார்கள். ஈ.கோலை பாக்டீரியாவில் 98 சதவீதம் செத்தது. துணியின் துளைகள் பாக்டீரியாவைவிடப் பெரியவை. கிருமியைத் தடுத்து நிறுத்தாமல், கடந்து போகும்போதே கொல்லும் ஏற்பாடு அது.

அந்தத் துணி மின்சாரத்தைக் கடத்தியது. உங்கள் மணல் கடத்தாது. நீர் வழியே பாயும் மின்சாரம் இரும்பைக் கரைத்துத் துருவாக்கும்; அந்தத் துரு நேராகச் சொட்டுவான்களில் போய் உட்காரும். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் ஒரு தீப்பொறி போதும். தண்ணீரில் உப்பு இருந்தால் லேசான குளோரின் வாடைகூட வரும். கிருமி ஒழிந்தது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

மூடியைத் திறந்து ஒரு பிடி மணலைக் கசக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் கோழை போல ஒட்டினால் பாக்டீரியா படலம் கட்டிவிட்டது என்று பொருள். கழுவுவதற்கு வாரக் கணக்கு உதவாது. உள்வழி, வெளிவழி அழுத்தமானிகளுக்கு இடையே அரை கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) வித்தியாசம் காட்டியதும், எதிர்த்திசையில் நீர் விட்டு, வெளியேறும் நீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு 1,000 லிட்டர் தண்ணீருக்கு 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (கிருமி கொல்லும் குளோரின் கரைசல்) 100 மில்லி கலந்து வடிகட்டியிலும் குழாய்களிலும் நிரப்பி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, குழாய்களின் கடைமுனைகளைத் திறந்து வெளியேற்றுங்கள். கடின நீரில் பிளீச்சிங் பவுடர் சுண்ணாம்புப் படிவை இன்னும் கூட்டும், அது வேண்டாம். உரம் விடும் நாளில் இதைச் செய்யாதீர்கள். ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுப் புகை கிளம்பும்.

வடிகட்டியைவிட எனக்குக் கவலை தருவது கீரைதான். பறித்த கட்டுகளை இந்தக் கிணற்று நீரில் அலசிச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். குடிக்கத் தகுந்த நீரில் மட்டும் அலசுங்கள். அது கிடைக்காவிட்டால் மண்ணை உதறி அப்படியே அனுப்பலாம்.